தேய்ந்த டயரும் தேயாத நினைவும்



சென்ற மாதம் என் ராத்தாவின் மகன் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநராக வேலையில் சேரப் புறப்பட்டான். பயணம் புறப்படும் பிள்ளைக்குப் புத்திமதி சொல்வது நம் வீடுகளின் வழக்கமன்றோ? பெரியவர்கள் தொழுகையைத் தவற விடாதே என்றார்கள். ராத்தா வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "வண்டியில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் குனிந்து டயரைப் பார்" என்றேன். வீட்டிலிருந்த அனைவரும் சிரித்துவிட்டார்கள். "உனக்குச் சொல்ல வேறொன்றுமே கிடைக்கவில்லையா தம்பி?" என்று ராத்தாவும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அதற்கான காரணத்தை இத்தனை ஆண்டுகளாக என் குடும்பத்தாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ, மருமகனோ, உடன்பிறந்தவனோ வளைகுடாவிலோ நம் நாட்டிலோ ஒரு கிடங்கில் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது அந்த வண்டியின் நிழலில் நின்று சரக்கை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

நான் 1988ஆம் ஆண்டு துபாய் சென்றேன். ஜபல் அலி துறைமுகம் 1979இல் திறக்கப்பட்டு, 1985இல் அதையொட்டிச் சுதந்திர வணிக வளாகம் தொடங்கப்பட்டிருந்த காலம். வரிசை வரிசையாகக் கிடங்குகள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றில், உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநராகச் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகள் ஓட்டிய பின், 1994இல் வண்டிகள் அனைத்தையும் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒன்பது வண்டிகள். அவற்றுக்கு டீசல், எண்ணெய், டயர் வாங்குவதும், பழுது பார்க்க அனுப்புவதும், செலவுக் கணக்கு எழுதுவதும் என் வேலை.

இந்த வண்டியை நேரில் பாராத தாய்மார்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். முன்புறம் இரண்டு இரும்புக் கரங்கள் நீண்டிருக்கும். மரப்பலகைத் தட்டில், அதாவது பாலெட்டில் அடுக்கிய சரக்கை அக்கரங்கள் அடியில் நுழைந்து ஏந்தும். பின்புறத்தில் பெரிய இரும்புக் கட்டி ஒன்று எதிர்ப்பாரமாக அமைந்திருக்கும். நம் கடைத் தராசைப் போலத்தான். ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் படிக்கல், நடுவில் தராசு முள் இருக்குமிடத்தில் முன் சக்கரங்கள். இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே ஏறத்தாழ நான்கு டன் இருக்கும். முழுச் சுமையை ஏந்தும்போது வண்டியும் சரக்குமாகச் சேர்ந்த மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு முன் சக்கரங்களின் மீதே இறங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காருக்கும் பேருந்துக்கும் சக்கரத்துக்கு மேலே வில் இருக்கிறது. குலுக்கலை அது வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான ஃபோர்க்லிஃப்டுகளுக்கு அத்தகைய வில் கிடையாது. தரைக்கும் அத்தனை பாரத்துக்கும் இடையே இருப்பது ரப்பர் ஒன்றுதான். ஓட்டுநரின் முதுகெலும்பைக் காப்பதும், தூக்கிய சரக்கை நேராக நிற்க வைப்பதும் அதுவே.

அந்த ரப்பரில் பல வகைகள் உண்டு. காற்றடைத்த டயர் கரடுமுரடான வெளி முற்றத்துக்கு ஏற்றது. ஆனால் ஆணி தைத்தால் பஞ்சராகும், காற்று குறைந்தால் வண்டி சாயும். இரண்டாவது, காற்று டயரின் வடிவிலேயே உள்ளே முழுவதும் ரப்பரால் நிரப்பிய கெட்டி டயர். சாலிட் டயர் என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். அடியில் எஃகுக் கம்பி வளையங்களோடு கூடிய கடினமான ரப்பர், நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் மென்மையான ரப்பர், மேலே தேய்மானத்தைத் தாங்கும் ரப்பர் என மூன்று அடுக்குகள் அதில் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி ஓடும் வண்டிகளுக்கு இது பொருத்தம். மூன்றாவது, இரும்பு வளையத்தின் மீது ரப்பரை ஒட்டி, பெரிய அழுத்த இயந்திரத்தால் சக்கரத்தில் ஏற்றும் பட்டை டயர். வழவழப்பான தளமுள்ள உட்கிடங்குக்கு மட்டுமே இது உகந்தது. குண்டும் குழியுமான முற்றத்தில் இதனை ஓட்டினால் ஓட்டுநரின் இடுப்பும் போகும், டயரும் போகும்.

உணவுப் பண்டங்கள் இருக்கும் கிடங்குகளில் வெள்ளை அல்லது சாம்பல் நிற டயர்களைப் பார்க்கலாம். தரையில் கருங்கோடு விழாதிருக்கக் கரிப்பொடிக்குப் பதில் சிலிகா கலந்து செய்தவை அவை. விலை அதிகம், பொதுவாகச் சற்று விரைவாகவும் தேயும். கரிப்பொடி, ரப்பருக்கு வலிமை தருவதோடு வண்டியில் சேரும் நிலைமின்சாரத்தையும் தரைக்குக் கடத்திவிடும். வெள்ளை டயரில் அந்த வழி இல்லை. ஆகவே அத்தகைய வண்டியின் அடியில் தரையைத் தொடும்படி ஒரு மின்கடத்திப் பட்டையைத் தொங்கவிட வேண்டும். நிறம் வெளுத்திருக்கிறதே என்று அழகுக்காக வாங்கும் பொருளன்று அது.

இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் எங்கள் பட்டறையிலிருந்த பாகிஸ்தானி மெக்கானிக். அவரை நாங்கள் 'உஸ்தாத்' என்றே அழைப்போம். அவர் சொன்ன பாடங்களுள் ஒன்றைத்தான் நான் மீறினேன். "டயரை ஒருபோதும் ஒற்றையாக மாற்றாதே. ஓர் அச்சில் இரண்டையும் ஜோடியாக மாற்று. ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் தேய்ந்த செருப்பும் அணிந்து தலையில் சுமையோடு நீ நடப்பாயா?" என்று அவர் கேட்பார்.

1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நோன்பு தொடங்க ஒரு வாரமே இருந்தது. நோன்பு காலத்துக்கான எண்ணெயும் மாவும் பால் டின்களும் மலை போல் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் நான்காம் எண் வண்டியின் முன் டயர்கள் இரண்டும் தேய்ந்திருந்தன. சாலிட் டயரின் பக்கச் சுவரில் தேய்மான எல்லையைக் காட்டும் ஒரு கோடு உண்டு. பல டயர்களில் அதனருகே '60 ஜே' என்று பொறித்திருப்பார்கள். ரப்பர் அக்கோடு வரை தேய்ந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். எங்கள் வண்டியில் வலப்பக்க டயர் கோட்டைத் தொட்டதோடு, ரப்பர் துண்டு துண்டாகவும் பெயர்ந்திருந்தது. இடப்பக்க டயரும் கோட்டைத் தொட்டிருந்தது. ஆனால் பெயரவில்லை.

அந்த ஆண்டுச் செலவு ஏற்கனவே கூடிவிட்டதென மேலாளர் என்னைக் கடிந்திருந்தார். நான் கணக்குப் போட்டேன். ஒரு டயர் மட்டும் வாங்கினேன். வலப்பக்கம் புதியது, இடப்பக்கம் பழையது. "பெருநாள் கழியட்டும், மற்றதையும் மாற்றிவிடலாம்" என்று உஸ்தாதிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் டயரை மாட்டிக் கொடுத்தார்.

அந்த வண்டியை ஓட்டியவர் தஞ்சை மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர், அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன். இரண்டாம் நாளே என்னிடம் வந்து, "தம்பி, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. மேலே தூக்கும்போது மனதுக்குச் சரியாகப் படவில்லை" என்றார். "புது டயர் காக்கா, பழகிவிடும். இந்த வாரம் மட்டும் பார்த்து ஓட்டுங்கள்" என்றேன்.

அவர் உணர்ந்தது உண்மை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் தூரம். தேய்ந்த டயர் புதியதைவிட இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது என்று வையுங்கள். தரையில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் சரக்கை நான்கு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும்போது, அதே சாய்வு எட்டு சென்டிமீட்டராக விரிந்துவிடும். கிடங்கின் இரும்பு அடுக்கில் பாலெட்டை வைக்கும்போது இருபுறமும் கிடைக்கும் இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான். அது மட்டுமன்று, பாரமும் தாழ்ந்த டயரின் பக்கமே மேலும் சாயும், அந்த ரப்பர் மேலும் நசுங்கும், சாய்வு மேலும் கூடும்.

மூன்றாம் நாள் மாலை, காக்கா சமையல் எண்ணெய் டின்கள் அடுக்கிய பாலெட் ஒன்றை மேல்தட்டுக்கு ஏற்றினார். பாலெட்டின் மூலை அடுக்கின் இரும்புத் தூணில் இடித்தது. மேல்வரிசை டின்கள் சரிந்தன. அப்போது பக்கத்து வழியிலிருந்து கையில் சரக்குப் பட்டியலோடு திரும்பி வந்த ஓர் இளைஞனின் இடது பாதத்தின் மீது ஒரு டின் விழுந்தது. அவன் எங்கள் ஊர்ப் பையன். அவனுக்கு அந்த வேலைக்கான விசாவைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். பாதத்து எலும்புகள் நொறுங்கிவிட்டன. இரண்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. இன்றும் அவன் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறான்.

விசாரணை நடந்தது. மேலாளர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வண்டி சரியாக இருந்ததா?"

"சரியாக இருந்தது" என்றேன்.

ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். காக்காவின் விசா ரத்தாயிற்று. பெருநாளைக்கு முன்பே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மணமாகாத இரண்டு பெண் மக்கள் அவருக்கு. விமான நிலையத்துக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். டயரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விபத்து நடந்த மறுநாளே இடப்பக்கத்து டயரையும் நான் மாற்றிவிட்டேன். முந்தைய வாரம் இல்லாத பணம் அன்று எப்படியோ கிடைத்துவிட்டது!

வாசகர்களே, இதற்குப் பிறகு நான் அங்கே பதின்மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் ஒரு டயரையும் கோடு தாண்டி ஓட விட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கொடுத்த விலைக்குக் கற்ற பாடம் உங்களுக்கேனும் பயன்படட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் வண்டியைக் கிளப்புமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மூன்று நிமிடம் போதும். ரப்பரில் வெட்டு, பிளவு, பெயர்ந்த துண்டு இருக்கிறதா? ஆணியோ இரும்புச் சீவலோ தைத்திருக்கிறதா? சரக்கைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாள் அச்சில் சுற்றிக் கிடக்கிறதா? அது உள்ளே இறுகி எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்களை அறுத்துவிடும். கசியும் எண்ணெயும் டீசலும் ரப்பரை ஊறச் செய்து அழித்துவிடும். ஆகவே தரையில் சிந்திய எண்ணெயை உடனே துடைப்பதும், தரையைப் பெருக்கிச் சுத்தமாக வைப்பதும் டயர் பராமரிப்பில் பாதி.

சக்கரத்தின் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். புதிய டயர் மாட்டியபின் சில மணி நேரம் ஓடியதும் அவற்றை மறுபடி முறையாக இறுக்க வேண்டும். சரக்கைத் தூக்கியபடியே வண்டியை இரவெல்லாம் நிறுத்தி வைக்காதீர்கள். ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும். பிறகு வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் குதிக்கும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்புவதும், திடீரென்று பிரேக் போடுவதும், திருப்பத்தில் வேகம் எடுப்பதும் ரப்பரைச் சுரண்டி எடுப்பதற்குச் சமம்.

சாலிட் டயர் பஞ்சராகாது என்பதால் அதற்கு எந்த ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ரப்பர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. பெருஞ்சுமையோடு நெடுந்தூரம் இடைவிடாது ஓட்டினால், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். மேலே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும்; நடு அடுக்கோ உருகிக் கெட்டிருக்கும். வளைகுடாக் கோடையில் இதனை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சரக்கு கொண்டுபோக லாரி இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் அதற்குரிய வாகனமன்று.

காற்று டயர் உள்ள வண்டியாயின், இன்னொரு எச்சரிக்கை. அதன் ரிம் பெரும்பாலும் இரு துண்டுகளைப் போல்ட்டால் இணைத்ததாக இருக்கும். காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. அவ்வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வாங்கும் பொறுப்பிலுள்ளவர்களுக்கும் ஒரு சொல். விலைப்பட்டியலைப் பார்க்குமுன் உங்கள் தரையைப் பாருங்கள். வண்டி உள்ளே ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரத்தோடு என்பதைப் பாருங்கள். வண்டியைச் செய்தவர் எந்த அளவு, எந்த வகை டயரைக் குறிப்பிட்டிருக்கிறாரோ அதிலிருந்து மாறாதீர்கள். காற்று டயருக்காக அமைந்த வண்டியில் கெட்டி டயரை மாட்டுவதானாலும் செய்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். மலிவு டயர் பாதி விலையில் கிடைக்கலாம். அது மூன்றில் ஒரு பங்கு காலமே உழைத்தால் நீங்கள் சேமித்தது என்ன? வண்டி நின்றுபோன மணிகளையும், ஓட்டுநரின் முதுகு வலியையும், ஒரு பையனின் பாதத்தையும் எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவீர்கள்?

இந்த ரப்பர் நமக்கு அந்நியமான பொருளுமன்று. பிரேசிலிலிருந்து வந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் இலங்கையின் கம்பஹா அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த இலங்கை இன்று உலகச் சந்தைக்குச் சாலிட் டயர் அனுப்பும் நாடுகளுள் முன்னணியில் நிற்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் விடியுமுன் எழுந்து மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் கைகள் எத்தனையோ! அத்தனை உழைப்பில் உருவாகி வந்த பொருளை, ஒரு கோட்டைக் குனிந்து பார்க்கச் சோம்பி நாம் ஆபத்தாக மாற்றிவிடுகிறோம்.

2011இல் நான் ஊர் திரும்பினேன். மறு ஆண்டு, பல நாள் தயக்கத்துக்குப் பின் காக்காவின் ஊருக்குச் சென்றேன். சிறு மளிகைக் கடை நடத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டுத் தேநீர் வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றை டயர் வாங்கியதை, விசாரணையில் பொய் சொன்னதை, மறுநாளே மற்றதை மாற்றியதை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "டயர் எனக்கு அப்போதே தெரியும் தம்பி. நீ சரியாக இருந்தது என்று சொன்னதுதான் தெரியாது" என்றார். சிறிது நேரம் கழித்து, "மன்னித்துவிட்டேன். ஆனால் அந்தப் பையனிடமும் போய்ச் சொல். இத்தனை ஆண்டுகளாக என் கைதான் அவன் காலை ஒடித்தது என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான்" என்றார்.

சென்று சொன்னேன். அவனுடைய தாயார் அப்போது உயிரோடு இருந்தார்கள். திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, "உன்னை நம்பித்தானே அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார்கள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் இன்றுவரை சுமக்கிறேன்.

அமானிதம் என்ற சொல்லை நாம் அடிக்கடி பயன்படுத்துகிறோம். அடகு வைத்த நகையும் கொடுத்து வைத்த பணமும் மட்டுமே அமானிதம் என்று நினைத்துவிடுகிறோம். என் பொறுப்பில் விடப்பட்ட ஒரு டயரும் அமானிதம்தான். அதன் மீது ஒரு தாயின் பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

ஆகவே, உங்கள் பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட கையோடு, "வண்டியின் டயரைப் பார்த்தாயா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டி சாய்கிறது, டயர் தேய்ந்துவிட்டது என்று அவன் சொன்னால், "எழுத்தில் கொடு, மாற்றும்வரை அந்த வண்டியில் ஏறாதே" என்று தைரியம் சொல்லுங்கள். அவன் பொறுப்பாளனாக இருந்தால், தன்னிடம் முறையிடும் ஓட்டுநரின் சொல்லுக்குச் செவி சாய்க்கச் சொல்லுங்கள். வண்டியின் மீது அமர்ந்திருப்பவனுக்குத் தெரிவது, மேசையின் முன் அமர்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

என் ராத்தாவின் மகன் வேலையில் சேர்ந்த நான்காம் நாள் என்னை அழைத்தான். "மாமா, என் வண்டியில் முன் டயர் இரண்டும் கோட்டுக்கு மேலேதான் இருக்கின்றன. பின் டயர் ஒன்றில் மட்டும் வெட்டு விழுந்திருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றான்.

"இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்" என்றேன்.